அந்த ஏழாம் நம்பர் கேள்விய எடுத்துடுங்க

நம்ம சங்கத்து நிர்வாகக் குழுவுல இருக்கற அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல ஹரிக்கேன் நிவாரண நிதிக்குன்னு ரெண்டு பக்க ஃபார்ம் ஒண்ணு குடுத்தீங்க. ஜூன் 1 வந்தா சீசன் ஆரம்பம், அதுக்கு முன்னாடி எல்லாம் ரெடியா இருக்கணும்னு நீங்க எடுத்த முயற்சிக்கு மொதல்ல நன்றி, அத மனசார சொல்றேன், ஏன்னா இதுக்கப்பறம் நான் சொல்லப்போறது கொஞ்சம் காரமா இருக்கும். நம்ம ஆளுங்களுக்கு மட்டும் இல்லாம ஹூஸ்டன்ல யாரு பாதிக்கப்பட்டாலும் குடுக்கலாம்னு முடிவு பண்ணீங்க பாருங்க, அது பெரிய விஷயம். ஆனா அந்த ஃபார்ம்ல ஏழாவதா ஒரு கேள்வி இருக்கு. "வெளியேறச் சொல்லி உத்தரவு வந்ததா? வந்தும் ஏன் வெளியேறவில்லை?" அதுக்குக் கீழ மூணு லைன் இடம் விட்டிருக்கீங்க. பதில் எழுதறதுக்கு.

நான் எந்திரிச்சு இத எடுத்துடலாமேன்னு சொன்னதும் ஒரு தம்பி, பேரு வேண்டாம், "அக்கா, அப்பறம் கத்ரீனா மாதிரி ஆயிடும், சொன்னப்பவே கெளம்பாம உக்காந்திருந்துட்டு அப்பறம் செலவுக்குப் பணக் கார்டு குடு, தங்கறதுக்கு ட்ரெய்லர் குடுன்னு கேட்டாங்களே, அந்த மாதிரி ஆளுங்களுக்கா நம்ம காசு"ன்னு கேட்டாப்ல, பாதி ஹால் தலையாட்டிச்சு. எனக்கு அங்கயே பதில் சொல்ல வாய் வரல. கோவம் வந்தா எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும், அதான் இந்த மடல்.

லூசியானாவுல நியூ ஆர்லியன்ஸ் ஊரையே முழுகடிச்ச அந்தக் கத்ரீனா புயல் வந்தப்போ அந்தத் தம்பிக்கு பத்து வயசு கூட இருக்காது, ஊர்ல இருந்திருப்பாப்ல. நான் இங்க இருந்தேன். 2005ல நாங்க தென்மேற்கு ஹூஸ்டன்ல ஒரு சின்ன அபார்ட்மெண்ட்ல இருந்தோம், வீட்டுக்காரருக்கு எச்1பி, எனக்கு வேலை செய்ய பர்மிட் இல்ல, பையனுக்கு ரெண்டு வயசு. நியூ ஆர்லியன்ஸ்ல ஜனங்க தஞ்சம் புகுந்திருந்த சூப்பர்டோம் ஸ்டேடியத்துல இருந்து பஸ் பஸ்ஸா ஆளுங்கள இங்க ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியத்துக்குக் கொண்டு வர ஆரம்பிச்சதும் டிவில வாலண்டியர் வேணும்னாங்க, பக்கத்து வீட்டு அக்கா பையனப் பாத்துக்கறேன்னாங்க, போயிட்டேன். நல்ல மனசுன்னு நெனைக்காதீங்க, வீட்டுல அடைஞ்சு கெடந்து பைத்தியம் புடிக்கற மாதிரி இருந்துச்சு, அதுவும் ஒரு காரணம்.

மொத நாள் உள்ள நுழைஞ்சதும் நான் செஞ்ச காரியத்த இப்பவே ஒத்துக்கறேன். ஹேண்ட்பேக்க நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டேன். ஆயிரக்கணக்குல கட்டில், எங்க பாத்தாலும் கறுப்பு மக்கள், அதுக்கு முன்னாடி நாலு நாளா டிவில கொள்ளை, கொலை, சூப்பர்டோம்ல குழந்தைங்கள எல்லாம் என்னென்னவோ பண்றாங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. மேயர், போலீஸ் சீஃப் ரெண்டு பேருமே டிவில உக்காந்து அதயே சொன்னாங்க. அப்பறம் செப்டம்பர் கடைசில அந்த ஊர்ப் பேப்பரே விசாரிச்சு எழுதிச்சு, பெரும்பாலும் வதந்தின்னு. சூப்பர்டோம்ல கெடைச்சது ஆறு உடம்பு, நாலு பேரு இயற்கையா செத்தது, ஒருத்தர் போதை மருந்து ஓவர்டோஸ், ஒருத்தர் தற்கொலை. ஆனா அதுக்குள்ள வதந்தி வேலையக் காட்டிடுச்சு, லூசியானா கவர்னர் அம்மா ராணுவத்த அனுப்பறப்போ துப்பாக்கில குண்டு போட்டு ரெடியா இருக்கு, தேவைன்னா சுடுவாங்கன்னு பப்ளிக்கா சொன்னாங்க. தண்ணி கொண்டு வர்றவங்களே பயந்துக்கிட்டு வந்தா எப்படி இருக்கும்? மிசிசிப்பி ஆத்துப் பாலத்துல நடந்து அந்தப் பக்கம் போயிடலாம்னு வந்த ஜனங்கள பக்கத்து ஊரு கிரெட்னா போலீஸ் வானத்துல சுட்டுத் திருப்பி அனுப்பிச்சு, அது செப்டம்பர் 1. தப்பிச்சுப் போனவங்க எங்க போறது சொல்லுங்க.

ரெண்டு போட்டோ ஞாபகம் இருக்கா உங்கள்ல யாருக்காவது? நெஞ்சளவு தண்ணில சாப்பாட்டுச் சாமானோட ஒரு கறுப்புப் பையன் நடந்து போறான், கீழ கடையக் கொள்ளை அடிச்சுட்டுப் போறான்னு எழுதியிருந்துச்சு. அதே மாதிரி தண்ணில அதே மாதிரி சாமானோட வெள்ளைக்கார ஜோடி, அவங்களுக்கு மட்டும் ரொட்டியும் சோடாவும் "கண்டெடுத்து"ன்னு எழுதியிருந்துச்சு. வேற வேற ஏஜென்சி போட்டோ, வேற வேற ஆளு எழுதினதுதான், சேந்து பண்ண சதியெல்லாம் இல்ல. சதி இல்லாமயே இப்படி எழுத வருது பாருங்க, எனக்கு அதான் பயம்.

சரி, நான் விஷயத்துக்கு வர்றேன். எனக்கு துணி பிரிக்கற டேபிள்ல வேலை குடுத்தாங்க. அங்க ஒரு பாட்டி, எழுபது வயசு இருக்கும், ரெண்டு நாள் தொடர்ந்து வந்தாங்க, துணிக்கு இல்ல, தலைக்குத் தடவற க்ரீஸும் பெரிய பல்லு சீப்பும் இருக்கான்னு கேக்கறதுக்கு. மூட்டை மூட்டையா ஷாம்பூ வந்து குவிஞ்சிருந்துச்சு, ஒண்ணு கூட அவங்க முடிக்கு ஆகாது, குடுத்தவங்க யாருக்கும் அது தோணல. எனக்கும்தான் தோணல. மூணாம் நாள் நான் ஒரு கடையில வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன், அதுல கொஞ்சம் பழக்கம் ஆச்சு, அப்போதான் உங்க ஏழாம் நம்பர் கேள்விய நானே கேட்டேன். ஆமா, நானேதான். ஏம்மா முன்னாடியே கெளம்பலன்னு.

அவங்க கோவப்படல. என்னைய ஒரு தடவ ஏற எறங்கப் பாத்தாங்க. மாசக் கடைசிம்மான்னாங்க.

எனக்குப் புரியல. அப்பறம் அவங்களே விளக்குனாங்க. புயல் கரையத் தொட்டது ஆகஸ்ட் 29. அவங்களுக்கு வர்ற செக் ஒண்ணாந்தேதிதான் வரும். கையில இருந்தது இருபத்தி சொச்சம் டாலர். கார் கெடையாது. தம்பிக்கு டயாலிசிஸ். கட்டாயம் வெளியேறணும்னு மேயர் உத்தரவு போட்டது 28ஆம் தேதி ஞாயித்துக்கிழமை காலைல, மறுநாள் விடிகாலைல புயல், நடுவுல ஒரு முழு நாள் கூட இல்ல. எங்க போறது, எதுல போறது, ராத்திரி எங்க தங்கறது? அந்த ஊர்ல நாலுல ஒரு வீட்டுக்கு மேல காரே கெடையாது, ஜனத்தொகைல மூணுல ரெண்டு பங்கு கறுப்பு மக்கள், நாலு பேருக்கு ஒருத்தருக்கு மேல வறுமைக் கோட்டுக்குக் கீழ. இது எல்லாம் அரசாங்கத்துக்கிட்ட சென்சஸ்ல இருந்த கணக்கு, புயலுக்கு அப்பறம் கண்டுபுடிச்சது இல்ல. ஊர்ல இருந்த ஸ்கூல் பஸ் நூத்துக்கணக்குல வரிசையா நிறுத்தி வெச்ச எடத்துலயே முழுகிப் போச்சு, அந்த போட்டோவும் வந்துச்சு. முழுகாத ஒரு பஸ்ஸ ஒரு சின்னப் பையன் எடுத்துக்கிட்டு வழியில ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஹூஸ்டன் வரைக்கும் ஓட்டிட்டு வந்தான், அரசாங்க பஸ் வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்ட்ரோடோம் வாசல்ல நின்னான். பஸ் திருடுனான்னுதான் டிவில சொன்னாங்க. அவன் உங்க ஃபார்ம நிரப்புனா எந்தக் கட்டத்துல டிக் பண்ணுவீங்கன்னு தெரியல.

அதுக்கப்பறம் அந்தப் பாட்டி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், பேரன் எந்த பஸ்ல ஏறினான்னு தெரியணும். பஸ்ல, ப்ளேன்ல ஏத்தி எங்க கொண்டு போறோம்னு சொல்லாமயே கொண்டு போனாங்க, சில பேரு மேல பறக்கறப்போதான் யூட்டா போறோம்னே தெரிஞ்சுக்கிட்டாங்க. காணாமப் போன, பிரிஞ்சு போன குழந்தைங்கன்னு 5,192 கேஸ் பதிவாச்சு, கடைசிக் குழந்தை வீட்டோட சேர்றப்போ 2006 மார்ச். அந்தப் பாட்டியோட பேரன் கெடைச்சானான்னு எனக்குத் தெரியாது, அடுத்த வாரம் போறப்போ அவங்க கட்டில்ல வேற ஆளு இருந்தாங்க.

அந்த சமயத்துல ஆஸ்ட்ரோடோமுக்கு முன்னாள் ஜனாதிபதியோட வீட்டம்மா, அதாவது அப்போ இருந்த ஜனாதிபதி புஷ்ஷோட அம்மா, வந்து பாத்துட்டு ரேடியோவுல என்ன சொன்னாங்க தெரியுமா, இங்க இருக்கற பல பேரு எப்படியும் வசதி இல்லாதவங்கதானே, அதனால இது அவங்களுக்கு நல்லாவே அமைஞ்சிருக்குன்னு. கெட்ட எண்ணத்துல சொன்னாங்கன்னு நான் நெனைக்கல. ஆனா அதத்தான் நம்ம ஹால்ல போன வாரம் வேற மாதிரி கேட்டேன், "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தாங்க"ன்னு ஒருத்தர் தமிழ்ல சொல்லிட்டு சிரிச்சாரு. தமிழ்ல சொன்னா யாருக்கும் புரியாதுன்னு நமக்கு ஒரு தைரியம். "அந்த ஏரியா ஆளுங்க"ன்னு நாம சொல்றது யாரன்னு நமக்குத் தெரியும். கறுப்பு மக்கள் தெருவுல இறங்கி அடி வாங்கி சிவில் ரைட்ஸ் வாங்கின அதே காத்துலதான் 1965ல இமிக்ரேஷன் சட்டம் மாறிச்சு, அந்தச் சட்டம் மாறலன்னா நம்ம ஒருத்தரும் இந்த ஹால்ல உக்காந்து ஃபில்டர் காபி குடிச்சுட்டிருக்க முடியாது, அத மட்டும் சொல்லிட்டு நகர்றேன், இதுல லெக்சர் வேண்டாம்.

இப்போ முக்கியமான கதை. கத்ரீனா முடிஞ்சு சரியா ஒரு மாசம் ஆகல, ரீட்டா புயல் வந்துச்சு. ஹூஸ்டனுக்கு நேரா வருதுன்னாங்க. இப்போ கெளம்பறது நம்ம முறை. "ஏன் கெளம்பல"ன்னு கேட்ட அத்தன பேரும் கெளம்புனோம், நாங்களும் ஒரு பழைய கொரோலாவுல டாலஸ் போலாம்னு ஐ-45ல ஏறினோம். பழைய ஆளுங்களுக்குத் தெரியும் என்ன ஆச்சுன்னு. நாலு மணி நேரத்து ரோடு, எங்களுக்கு இருபத்தி ரெண்டு மணி நேரம். இருபத்தஞ்சு லட்சம் பேரு ஒரே நேரத்துல ரோட்டுல. பெட்ரோல் மிச்சம் பண்ண ஏசிய அணைச்சுட்டோம், வெளிய கொளுத்துது, பையன் அழுது அழுது வாந்தி எடுத்தான், தயிர் சாதம் புளிச்சுப் போச்சு, ரோட்டோரத்துல பெட்ரோல் தீந்து நின்ன கார் வரிசை. எங்களுக்குக் கார் இருந்துச்சு, கிரெடிட் கார்டு இருந்துச்சு, டாலஸ்ல தங்கறதுக்கு வீட்டுக்காரரோட ஃப்ரெண்டு வீடு இருந்துச்சு, ஆபீஸ்ல லீவு கேக்காமயே குடுத்தாங்க, இவ்வளவும் இருந்தே எங்க நெலம அது. டாலஸ்கிட்ட முதியோர் இல்லத்துல இருந்து ஆளுங்கள ஏத்திட்டுப் போன பஸ் தீப்புடிச்சு 23 பேரு செத்தாங்க. ரீட்டால டெக்சஸ்ல செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க காத்துலயோ தண்ணிலயோ சாகல, கெளம்பிப் போனதுல செத்தாங்க. புயல் கடைசில கெழக்கால திரும்பிடுச்சு, ஹூஸ்டன்ல எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு பூந்தொட்டி கூட விழல.

அதனாலதான் 2017ல ஹார்வி புயல் வந்தப்போ ஹூஸ்டன் மேயர் வெளியேற உத்தரவே போடல. உங்கள்ல எத்தன பேரு வீட்டுல தண்ணி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், எங்க வீட்டுலயும் வந்துச்சு. ஹூஸ்டனுக்கு மேற்கால நாம இருக்கற கேட்டி ஊர்ல, பார்க்கர் ரிசர்வாயருக்குப் பின்னாடி இருக்கற நிலம், மழை ஜாஸ்தியானா தண்ணி தேங்கற எடம்னே அரசாங்கத்துக்குத் தெரியும், அங்கதான் நம்ம சப்டிவிஷன் எல்லாம் கட்டி வித்தாங்க, ஸ்கூல் நல்லா இருக்குன்னு நாம வாங்குனோம். 2019ல ஒரு ஃபெடரல் கோர்ட் அரசாங்கம்தான் பொறுப்புன்னு தீர்ப்பு சொன்னப்போ நாம எல்லாம் ஸ்வீட் குடுத்தோம். அந்த ரிசர்வாயர் கட்டினது ஆர்மி கோர் ஆஃப் இஞ்சினியர்ஸ், அதாவது ராணுவத்தோட இஞ்சினியர் பிரிவு. நியூ ஆர்லியன்ஸ்ல ஒடைஞ்ச கால்வாய்ச் சுவரு கட்டினதும் அவங்கதான், ஊர்ல நூத்துக்கு எண்பது பங்கு தண்ணில முழுகினதுக்குக் காரணம் புயல் மட்டும் இல்ல, சுவரோட டிசைன்ல தப்புன்னு 2006ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நமக்கு வந்தா இஞ்சினியரிங் தப்பு, அவங்களுக்கு வந்தா கெளம்பாத தப்பா?

ஹார்வில எங்களக் கூட்டிட்டுப் போக வந்தது லூசியானாவுல இருந்து சொந்தப் படக ட்ரக்குல கட்டி இழுத்துட்டு வந்த ஒரு மனுஷன். வெள்ளைக்காரர், தாடி, வேட்டைக்குப் போற ட்ரெஸ். யாருக்கு ஓட்டுப் போட்டாரோ, நான் கேக்கல. அவரும் எங்களக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, மருந்து எதாச்சும் எடுக்கணுமான்னு. ஏன் இன்னும் இங்க இருக்கீங்கன்னு கேக்கல.

இன்னொரு விஷயம், ஃபார்ம்ல எட்டாவது கேள்வி, வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ் காப்பி. இதப் பத்தியும் சொல்லிடறேன். கத்ரீனாவுக்கு அப்பறம் லூசியானாவுல வீடு திருப்பிக் கட்ட ரோடு ஹோம்னு ஒரு திட்டம். கணக்கு எப்படின்னா, புயலுக்கு முன்னாடி வீட்டோட மதிப்பு, இல்லன்னா ரிப்பேர் செலவு, ரெண்டுல எது கம்மியோ அத வெச்சு. பாக்க நியாயமாதான் தெரியும். ஆனா ஒரே சைஸ் வீடு, ஒரே அளவு சேதம், கறுப்பு மக்கள் இருக்கற ஏரியான்னா மார்க்கெட்ல வெல கம்மி, அதனால பணமும் கம்மி, வீடு கட்டி முடிக்க முடியாது. கேஸ் போட்டாங்க, 2011ல 6 கோடியே 20 லட்சம் டாலர்னு செட்டில் ஆச்சு, அதுக்குள்ள ஆறு வருஷம். நியூ ஆர்லியன்ஸ்ல கறுப்பு மக்கள் அதிகமா இருந்த லோயர் நைன்த் வார்டுல பாதிக்கு மேல சொந்த வீட்டுக்காரங்க, சோம்பேறிங்கன்னு சொன்னோமே அவங்கதான், ஆனா பல வீடு தாத்தா பேர்லயே இருந்துச்சு, பேரு மாத்தல, பத்திரம் இல்ல, அதனால பணம் இல்ல. இத நான் விளக்கணுமா? தாத்தா பேர்ல பட்டா இருக்கற குடும்பம் நம்ம ஊர்ல எத்தனன்னு உங்களுக்குத் தெரியாதா?

எனக்கு ஊரு நாகப்பட்டினம் பக்கம். கத்ரீனாவுக்கு எட்டு மாசம் முன்னாடி சுனாமி. எங்க அண்ணன் ஃபோன்ல சொல்லி அழுதது இன்னும் காதுல இருக்கு, அதுல ஒண்ணு, போட் போனவங்களுக்கு போட்டுக்குக் கணக்கு எழுதறாங்க, அடுத்தவன் போட்டுல, அடுத்தவன் வயல்ல கூலிக்குப் போன காலனி ஜனத்துக்கு எழுத என்ன இருக்கு, போனது வேலைதானே, அதுக்குப் பில்லு எங்கன்னு. கேம்ப்ல கூட காலனி ஆளுங்களுக்குத் தனி எடம், தண்ணி டேங்க்ல கை வைக்காதன்னு நடந்துச்சு, மனித உரிமை அமைப்புங்க அறிக்கையே போட்டாங்க. இருந்தத வெச்சுதான் இழந்தத அளக்கறாங்க, இல்லாதவனுக்கு இழப்பே இல்லன்னு ஆயிடுது. இங்கயும் அப்படித்தான். ஹார்வி வெள்ளத் தடுப்புக்கு வந்த ஃபெடரல் பணத்துல 2021 மே மாசம் டெக்சஸ் நில அலுவலகம் சுமார் நூறு கோடி டாலர் பிரிச்சுக் குடுத்துச்சு, ஹூஸ்டன் சிட்டிக்கு எவ்வளவு தெரியுமா? சைபர். ஹாரிஸ் கவுண்டிக்கும் சைபர். பிரிச்ச விதமே கறுப்பு, ஹிஸ்பானிக் மக்களுக்குப் பாரபட்சம்னு மறு வருஷம் ஃபெடரல் வீட்டுவசதித் துறை சொல்லிச்சு. அந்த சைபர்ல நாமளும் இருந்தோம்.

ஏமாத்துக்காரங்க இருந்தாங்களான்னா இருந்தாங்க, இல்லன்னு சொல்லல. கத்ரீனா, ரீட்டாவுக்கு ஃபீமா, அதாவது ஃபெடரல் பேரிடர் நிவாரணத் துறை, குடுத்த பணத்துல சுமார் 16 சதவீதம் தப்பாப் போச்சுன்னு 2006ல தணிக்கைத் துறையே கணக்கு சொல்லிச்சு, பெரிய பணம்தான், எனக்கும் வயித்தெரிச்சல்தான். மீதி 84 சதவீதத்த நியாயமா வாங்குனவங்கள என்ன பண்றது? அந்த ஃபீமா தலைவரு, ஆயிரக்கணக்கான ஜனம் நியூ ஆர்லியன்ஸ் கன்வென்ஷன் சென்டர்ல தண்ணி இல்லாம கெடக்கறத நாடே டிவில பாத்துட்டிருக்கறப்போ, எங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியும்னு சொன்னாரு, முந்தி அரபிக் குதிரை வளக்கறவங்க சங்கத்துல வேலை பாத்தவரு. அவரோட தகுதிய யாரும் ஃபார்ம் குடுத்து செக் பண்ணல.

அப்பறம் ஒரு சின்ன விஷயம், நோட்டீஸ்ல "அகதிகள்"னு போட்டிருக்கீங்க. கத்ரீனா சமயத்துல அந்த வார்த்தைக்கே பெரிய சண்டை வந்துச்சு, நாங்க இந்த நாட்டுக் குடிமக்கள், வரி கட்டறவங்க, எங்கள எப்படி அகதின்னு சொல்லலாம்னு கேட்டாங்க. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல, அகதின்னா கேவலமா என்ன, நம்ம ஈழத்துச் சனம் எத்தன பேரு அந்தப் பேரோட மண்டபம் கேம்ப்ல பொறந்து வளந்தாங்க. ஆனா ஒருத்தருக்கு வலிக்குதுன்னா அந்த வார்த்தைய நாம ஏன் புடிச்சுத் தொங்கணும், "வீடு இழந்தவங்க"ன்னு போடுங்க.

தம்பி கேட்ட மாதிரி தப்பான ஆளுக்குப் போயிடும்னு பயம் இருந்தா, அதுக்கு என்கிட்ட ஒரு வழி இருக்கு. பணமா குடுக்க வேண்டாம், நேரா போய் என்ன வேணும்னு கேட்டு வாங்கிக் குடுக்கலாம், இன்சுலின் வெக்க ஐஸ் பெட்டி, ஃபோன் சார்ஜர், பாப்பாவுக்கு டயப்பர், தலைக்கு க்ரீஸ், எது கேக்கறாங்களோ அது. ஜூலைல புயல் வர்றதுக்கு முன்னாடியே ஹூஸ்டன்ல கறுப்பு மக்கள் அதிகமா இருக்கற தேர்ட் வார்டு, ஃபிஃப்த் வார்டு சர்ச்சுங்ககிட்ட பேசி, கார் இல்லாத வயசானவங்க யார் யாருன்னு லிஸ்ட் வாங்கி, நம்மகிட்ட இருக்கற வேன், எஸ்யூவி எல்லாம் யாருக்கு எதுன்னு எழுதி வெக்கலாம். நம்ம பொங்கல் விழாவுக்கு ஆயிரம் பேருக்குச் சாப்பாடு, பார்க்கிங், ஷட்டில்னு பிளான் போடத் தெரியுதுல்ல, இதுவும் அதேதான்.

ஃபார்ம் பிரிண்டுக்கு வெள்ளிக்கிழமை போகுதுன்னு செயலாளர் அண்ணன் சொன்னாரு. அதுக்கு முன்னாடி ஏழையும் எட்டையும் அடிச்சுடுங்க. ஒன்பதாவது கேள்வி "உங்களுக்கு இப்போது உடனடியாக என்ன தேவை", அதுக்கு ஒரே ஒரு லைன்தான் விட்டிருக்கீங்க, காலியாகற எடத்த அதுக்குக் குடுத்துடுங்க. சனிக்கிழமை காலைல பெட்டி கட்டற வேலைக்கு நான் எட்டு மணிக்கே வந்துடுவேன், ஒடிசி வேன், பின் சீட்ட கழட்டிட்டு வர்றேன், யாராச்சும் பேக்கிங் டேப் மட்டும் எடுத்துட்டு வாங்க, போன தடவ தீந்து போச்சு.

அன்புடன்,
கேட்டில இருந்து உங்க பழைய மெம்பர் ஒருத்தி